அமெரிக்க பிரைமரி தேதிச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அமெரிக்க அதிபர் தேர்தல் சூடு பிடிக்கும்போது, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களும் இங்கே நியூ ஜெர்சியில் புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நவம்பர் தேர்தலைப் பற்றி இல்லை, அதற்கு முன்னால் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற அந்த நீண்ட ஆறு மாதத்தைப் பற்றி, அதில் எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடுவது என்ற சண்டையைப் பற்றி. எனக்கு இதில் வலுவான கருத்து உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

பிரைமரி, காகஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. பிரைமரி என்பது வழக்கமான வாக்குப்பதிவு மாதிரிதான். வாக்குச்சாவடிக்குப் போய் (அல்லது தபாலில்) ஓட்டுப் போடுகிறீர்கள், மாநில அரசு நடத்துகிறது, செலவும் பெரும்பாலும் அரசுடையது. காகஸ் என்பது கட்சியே நடத்தும் கூட்டம். பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ ஒரு குறிப்பிட்ட இரவு, குறிப்பிட்ட நேரத்தில் கூடி, பேசி, அங்கேயே ஆதரவைத் தெரிவிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், பனியில் வண்டி ஓட்ட முடியாத முதியவர் எல்லாம் அதில் கலந்துகொள்வது கஷ்டம். இரண்டிலும் முடிவாகக் கிடைப்பது ஒன்றுதான்: கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டுக்குப் போய் அதிபர் வேட்பாளரை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பிரதிநிதிகள் யாருக்கு எத்தனை பேர் என்பது.

எல்லா மாநிலமும் ஒரே நாளில் நடத்திவிட்டுப் போக வேண்டியதுதானே?

யார் அந்த நாளைச் சொல்வது என்பதில்தான் சிக்கலே. பிரைமரி தேதியை அந்தந்த மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது, காகஸ் தேதியை மாநிலக் கட்சி முடிவு செய்கிறது, தேசியக் கட்சியோ "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் நடத்துங்கள்" என்று ஒரு சாளரத்தை மட்டும்தான் சொல்ல முடியும். சாளரத்தை மீறினால் அவர்களால் செய்ய முடிந்தது, அந்த மாநிலத்தின் பிரதிநிதிகளை மாநாட்டில் உட்கார விடாமல் தடுப்பது. அந்த அதிகாரம் கட்சிக்கு உண்டு என்று 1981-ல் விஸ்கான்சின் மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் குடியரசுக் கட்சி கையில் இருந்து, தேதியை மாற்றச் சொல்வது ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமை என்றால், அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? ஐம்பது மாநிலம், இரண்டு கட்சி, ஒரே காலண்டர். கடைசி வார்த்தை சொல்லக்கூடிய ஆள் யாருமே இல்லை.

முதலில் ஓட்டுப் போடுவதில் அப்படி என்ன லாபம்?

ஒரு தேதியில் எண்ணப்பட்ட முடிவு அடுத்த தேதியில் ஓட்டுப் போடுகிறவரின் மனதை மாற்றுகிறது, அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. முதலில் ஜெயிப்பவர் பெயர் மறுநாள் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும், நன்கொடை குவியும், பின்தங்கியவருக்குக் காசு வறண்டு போகும், இரண்டு வாரத்தில் விலகிவிடுவார். 1976-ல் ஜிம்மி கார்ட்டர் என்ற ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னரை நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. அயோவா காகஸில் அவருக்குக் கிடைத்தது சுமார் 28 சதவீதம்தான், "யாருக்கும் உறுதியளிக்கவில்லை" என்ற பிரிவு அவரைவிட அதிகம் வாங்கியது. ஆனாலும் வேட்பாளர்களில் அவர்தான் முதல் என்பதால் அங்கிருந்து கிளம்பிய வேகம் வெள்ளை மாளிகை வரை கொண்டு போனது.

சரி, ஆரம்ப மாநிலங்களை விட்டுவிட்டுப் பெரிய மாநிலங்களில் மோதலாமே என்று நினைத்தவர்களும் உண்டு. 2008-ல் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி ஃபுளோரிடாவையே நம்பிக் காத்திருந்தார். ஜனவரி 29 அன்று ஃபுளோரிடா ஓட்டுப் போடும்போது மக்கள் அவரை மறந்தே போயிருந்தார்கள், மூன்றாவது இடம், மறுநாள் விலகல். 2020-ல் மைக்கேல் புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களைத் தாண்டி நேராக சூப்பர் செவ்வாய்க்கு, அதாவது பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் செவ்வாய்க்கிழமைக்கு, வந்தார். 50 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். அன்று அவர் ஜெயித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற பசிபிக் தீவுப் பகுதி.

வேட்பாளர்களுக்கு மட்டும் இல்லை, மாநிலத்துக்கும் லாபம் உண்டு. ஓட்டல் அறைகள், விளம்பரப் பணம் எல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் கொள்கை. அயோவாவில் மக்காச்சோளம் விளைகிறது, அதிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கிறார்கள், அதனால் அதிபராக ஆசைப்படும் எவரும் எத்தனாலுக்கு எதிராக வாய் திறக்கத் தயங்குவார்கள். எதிர்த்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2000-ல் அயோவாவில் பிரசாரமே செய்யாமல் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனார். ஜூன் மாதம் ஓட்டுப் போடும் மாநிலத்துப் பிரச்சினைக்கு இந்த மரியாதை கிடையாது.

அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இந்த முதலிடத்தை யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. இரண்டுமே தற்செயலாக வந்து, பிறகு இறுகப் பிடித்துக்கொண்டவை.

நியூ ஹாம்ப்ஷயர் 1916-லேயே பிரைமரி நடத்தத் தொடங்கியது. மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் நடக்கும் நாளிலேயே இதையும் வைத்துக்கொண்டார்கள், மக்கள் எப்படியும் கூடத்துக்கு வருவார்கள், செலவும் மிச்சம். 1920-க்குள் முன்னால் இருந்த மற்ற மாநிலங்கள் விலகியும் பின்னுக்குப் போயும் இது முதலில் வந்து நின்றது. 1952-லிருந்து வேட்பாளர் பெயருக்கே நேரடியாக ஓட்டுப் போடும்படி மாற்றினார்கள், அந்த முதல் முயற்சியிலேயே பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனை எஸ்டஸ் கெஃபாவர் என்ற செனட்டர் தோற்கடித்தார், ட்ரூமன் அந்த மாதமே மறுபடி நிற்கப் போவதில்லை என்றார். 1968-ல் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜீன் மெக்கார்த்தி இங்கே 42 சதவீதம் வாங்கினார். ஜெயித்தது அதிபர் ஜான்சன்தான், ஆனால் மூன்று வாரம் கூட ஆகாமல் அவரும் போட்டியிலிருந்து விலகினார். இரண்டு அதிபர்களை வீட்டுக்கு அனுப்பிய இடம் என்ற பெயர் வந்துவிட்டால் அதை யார் விட்டுக்கொடுப்பார்கள்? 1975-ல் சட்டமே போட்டு, பிறகு அதை இறுக்கினார்கள்: இதே மாதிரியான எந்தத் தேர்தலுக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னதாக எங்கள் பிரைமரி நடக்க வேண்டும். தேதி குறிக்கும் அதிகாரம் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளருக்கு. பில் கார்ட்னர் என்பவர் 1976 முதல் 2022 வரை அந்தப் பதவியில் இருந்து, இந்த முதலிடத்தைக் காப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்.

அயோவா கதை இன்னும் விசித்திரம். 1968 சிகாகோ மாநாட்டில், ஒரு பிரைமரியில் கூட நிற்காத ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானார், வெளியே தெருவில் போலீஸ் தடியடி. அந்த அவமானத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி விதிகளை மாற்றியது, எல்லாம் வெளிப்படையாக, முன்கூட்டியே அறிவித்து நடக்க வேண்டும் என்றது. அயோவாவில் ஊர் மட்டம், கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), காங்கிரஸ் தொகுதி, மாநிலம் என்று நான்கு படி. படிக்குப் படி இடைவெளி விட வேண்டும், மாநில மாநாட்டுக்கு டெ மாய்ன் நகரில் இடம் கிடைக்கும் தேதியையும் பார்க்க வேண்டும். பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் முதல் படி 1972 ஜனவரி 24-ல் வந்து விழுந்தது. நாட்டிலேயே நாம்தான் முதல் என்பதன் மதிப்பு அவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் அதையும் சட்டமாக்கினார்கள். அது காகஸ் என்பதால் "இதே மாதிரியான தேர்தல்" இல்லை என்று நியூ ஹாம்ப்ஷயரும் ஏற்றுக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே ஐம்பது வருஷத்தை ஓட்டினார்கள்.

மற்ற மாநிலங்கள் பார்த்துக்கொண்டா இருந்தன?

இல்லை, அதனால்தான் காலண்டரே முன்னால் சரிந்தது. நியூ ஹாம்ப்ஷயர் 1972-ல் ஓட்டுப் போட்டது மார்ச் 7. 2008-ல் ஜனவரி 8. இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கிறது, காரணம் ஒன்றே ஒன்று, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் முண்டியடித்தார்கள்.

1988-ல் தென்மாநிலங்களின் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் கூடிப் பேசி மார்ச் 8 அன்று ஒன்றாக ஓட்டுப் போட்டார்கள், ஏறத்தாழ 20 மாநிலம். தெற்கின் மிதவாதி ஒருவர் வேட்பாளராக வேண்டும் என்பது திட்டம். நடந்ததோ வேறு: தெற்கை டென்னசி செனட்டர் ஆல் கோரும் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் பங்கு போட்டுக்கொள்ள, டெக்சாஸையும் ஃபுளோரிடாவையும் மாசசூசெட்ஸ் கவர்னர் டுகாகிஸ் தட்டிக்கொண்டு போனார், வேட்பாளரும் ஆனார். தேதியை நகர்த்துவது உங்கள் கையில், விளைவு உங்கள் கையில் இல்லை.

கலிஃபோர்னியா ஏன் தேதியை மாற்றி மாற்றி வைக்கிறது?

கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேர் வாழும் மாநிலம், ஆனால் 1992 வரை ஜூனில் ஓட்டு, பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு. 1996-ல் மார்ச்சுக்கு வந்தார்கள், 2008-ல் பிப்ரவரி 5-க்கு. ஆனால் அந்த வருஷம் மாநிலப் பதவிகளுக்கான பிரைமரியைத் தனியாக ஜூனில் வைத்ததால் இரட்டைச் செலவு. 2012-லும் 2016-லும் திரும்ப ஜூன். 2020-ல் மறுபடி மார்ச். எங்கள் நியூ ஜெர்சியும் 2008-ல் மட்டும் பிப்ரவரி 5-க்குப் போய்விட்டு, செலவைக் காரணம் காட்டி மறுபடி ஜூனுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

2008-ல் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் தண்டிக்கப்பட்டன என்கிறார்களே, என்ன நடந்தது?

தேதிச் சண்டையில் ஒரே ஒரு கதைதான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜனநாயகக் கட்சி அந்த வருஷம் நான்கு மாநிலங்களுக்கு மட்டும் பிப்ரவரி 5-க்கு முன் ஓட்டுப் போட அனுமதி கொடுத்தது: அயோவா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா. மிச்சிகன் அதை மீறி ஜனவரி 15-ஐ வைத்தது. ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி சட்டமன்றம் ஜனவரி 29-ஐ வைத்தது. கட்சி கோபத்தில் இரண்டு மாநிலத்தின் பிரதிநிதிகள் அத்தனை பேரையும் ரத்து செய்தது, வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்ய மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மிச்சிகனில் ஒபாமா தன் பெயரையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார், ஹிலாரி கிளின்டன் எடுக்கவில்லை. அவருக்கு 55 சதவீதம், "யாருக்கும் இல்லை" என்பதற்கு 40 சதவீதம்.

இரண்டு இடத்திலும் லட்சக்கணக்கான மக்கள் போட்ட ஓட்டு செல்லுமா செல்லாதா என்று மாதக்கணக்கில் இழுத்தது. மே 31 அன்று கட்சியின் விதிகள் குழு கூடி, எல்லாப் பிரதிநிதிகளும் வரலாம், ஆளுக்கு அரை ஓட்டு என்றது. மிச்சிகனில் கிளின்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மாநாட்டில் கடைசியாக முழு ஓட்டும் திரும்பக் கிடைத்தது, அதற்குள் ஒபாமா ஜெயித்து முடித்திருந்தார்.

எனக்கு இதில் வேதனையான விஷயம் வேறு. அந்தப் போட்டி ஜூன் 3 வரை நீண்டது. ஏப்ரல் 22-ல் ஓட்டுப் போட்ட பென்சில்வேனியாவுக்கு ஆறு வாரம் முழுக் கவனமும் கிடைத்தது, மே 6-ல் ஓட்டுப் போட்ட வட கரோலினாவும் இண்டியானாவும் போட்டியின் போக்கையே முடிவு செய்தன. மிச்சிகனும் ஃபுளோரிடாவும் விதிப்படி காத்திருந்தால் அந்த இடத்தில் அவர்கள் இருந்திருக்கலாம். தலைவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு விலை கொடுத்தது வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட சாதாரண ஆள்.

தண்டனைக்குப் பயந்து அடங்கினார்களா?

உடனே இல்லை. 2012-லும் ஃபுளோரிடா ஜனவரி 31-க்கு வந்தது, குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளில் பாதியை இழந்தது. நெவாடா ஜனவரி நடுவில் வைக்கப் பார்க்க, அப்படியானால் எங்கள் பிரைமரி டிசம்பரில் என்று கார்ட்னர் மிரட்டினார், நெவாடா பின்வாங்கியது. தேர்தல் வருஷம் பிறப்பதற்கு முன்பே தேர்தல்! அதன் பிறகுதான் குடியரசுக் கட்சி கடுமையான விதி கொண்டுவந்தது. மீறினால் எவ்வளவு பெரிய மாநிலமானாலும் ஏறத்தாழ பன்னிரண்டு பிரதிநிதிகளோடு நிற்க வேண்டியதுதான். அது வேலை செய்தது. 2024-ல் மிச்சிகன் சட்டப்படி பிரைமரி பிப்ரவரி 27-க்கு வந்தபோது, அங்கிருந்த குடியரசுக் கட்சியினர் பயந்துபோய் 55 பிரதிநிதிகளில் 16 பேரை மட்டும் பிரைமரியில் தேர்ந்தெடுத்து, மீதி 39 பேரை மார்ச் 2-ல் தனிக்கூட்டம் போட்டு எடுத்தார்கள்.

2024-ல் தென் கரோலினா முதலில் வந்தது எப்படி?

2020 பிப்ரவரி 3, அயோவாவில் முடிவுகளை அனுப்ப வைத்திருந்த செயலி சொதப்பியது, யார் ஜெயித்தார் என்று அன்றிரவு சொல்ல முடியவில்லை. அந்த மாநிலம் இழந்த மரியாதை திரும்பவே இல்லை. அதே வருஷம் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள்தான், அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் வெளிப்படையாக ஆதரித்த பிறகு, அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். மூன்றே நாளில் சூப்பர் செவ்வாயும் அவர் பக்கம் சாய்ந்தது.

அதிபரானதும் அவர் கட்சிக்குச் சொன்னார்: முதலில் தென் கரோலினா. 2023 பிப்ரவரியில் கட்சி ஏற்றுக்கொண்டது. நன்றிக்கடன் என்று சிலர் சொன்னார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் சுமார் தொண்ணூறு சதவீதம் வெள்ளையர் வாழும் இரண்டு மாநிலங்கள், கறுப்பினத்தவரையும் லத்தினோக்களையும் பெரிய தூணாகக் கொண்ட கட்சிக்கு அரை நூற்றாண்டு வடிகட்டியாக இருந்தது அநியாயம், அதை யாராவது ஒருவர் உடைக்க வேண்டியிருந்தது.

நியூ ஹாம்ப்ஷயர் கேட்கவில்லை. சட்டம் இருக்கிறது என்று 2024 ஜனவரி 23-ல் நடத்தியது. பைடன் பெயர் சீட்டிலேயே இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டே அவரை சுமார் 64 சதவீதத்தோடு ஜெயிக்க வைத்தார்கள். கடைசியில் அந்த மாநிலப் பிரதிநிதிகளையும் மாநாட்டில் உட்கார வைத்தார்கள். ஜார்ஜியாவையும் முன்னால் கொண்டுவரத் திட்டம் இருந்தது, அங்கே தேதி குறிப்பது குடியரசுக் கட்சிக்காரரான மாநிலச் செயலாளர், அவர் நகரவில்லை.

தமிழ் வேர் உள்ள வேட்பாளர்கள் யாரையாவது இந்தக் காலண்டர் பாதித்ததா?

இரண்டு பேர். கமலா ஹாரிஸ் 2020-க்கு நின்றபோது அவருடைய கலிஃபோர்னியா மார்ச்சுக்கு வந்திருந்தது, அது அவருக்குக் கைகொடுக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அயோவா நிற்கிறது. பணம் தீர்ந்து 2019 டிசம்பரிலேயே, ஒரு ஓட்டு கூட விழுவதற்கு முன், விலகினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த விவேக் ராமசாமி 2024-க்காக அயோவாவின் 99 கவுன்டிகளையும் சுற்றினார். சுமார் 7.7 சதவீதம், நான்காவது இடம், அன்றிரவே விலகல். அந்தக் காகஸுக்கு வந்தவர்கள் மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் அளவில்தான்.

சின்ன மாநிலம் முதலில் வருவதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. காசில்லாத வேட்பாளர் வீடு வீடாக, டீக்கடை டீக்கடையாகப் போய் பேச முடிவது சின்ன இடத்தில்தான். 2012-ல் முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரம் கையில் பணமில்லாமல் ஒரு பிக்கப் வண்டியில் அயோவா முழுக்கச் சுற்றி, முதலில் எட்டு ஓட்டில் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, பிறகு 34 ஓட்டில் முன்னிலை என்று தெரியவந்தது. கலிஃபோர்னியாவில் தொடங்கினால் விளம்பரம் வாங்க முடிந்த கோடீஸ்வரருக்கு மட்டும்தான் வாய்ப்பு. நாடு முழுக்க ஒரே நாள் என்ற யோசனையை நான் எதிர்ப்பதும் இதனால்தான்.

ஆனால் சின்ன மாநிலம் என்பது ஒன்று, எப்போதும் அதே சின்ன மாநிலம் என்பது வேறு. டெலவேர் இல்லையா, நியூ மெக்சிகோ இல்லையா?

அப்போது என்னதான் வழி?

மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் 1999-லேயே ஒரு திட்டம் சொன்னது. நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து, மார்ச் முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒரு வட்டாரம், தேர்தலுக்குத் தேர்தல் வரிசையைச் சுழற்றுவது. அதிலும் அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் விலக்கு வைத்திருந்தார்கள். சின்ன மாநிலங்கள் முதலில், பெரியவை கடைசியில் என்ற டெலவேர் திட்டம் 2000-ல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு முன்பே நிராகரிக்கப்பட்டது. நான் விரும்புவது இரண்டும் கலந்த ஒன்று: முதல் மாதம் வட்டாரத்துக்கு ஒன்றாக நான்கு சின்ன மாநிலம், அவை குலுக்கலில் மாற வேண்டும், யாருக்கும் நிரந்தர விலக்கு கூடாது. காகஸ் முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம். நடக்குமா என்றால், இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஒரு கட்சி அதிபர் மறுபடி நிற்கும் வருஷத்தில் அந்தக் கட்சிக்குச் சண்டை போட வேண்டிய தேவை குறைவு, அப்போதுதான் மாற்ற வேண்டும், ஆனால் அப்போதுதான் யாருக்கும் அக்கறை இருப்பதில்லை.

நான் ஜூனில் ஓட்டுப் போடும் மாநிலத்தில் இருக்கிறேன். என் ஓட்டுக்கு மதிப்பே இல்லையா?

அதிபர் வேட்பாளர் விஷயத்தில் பெரும்பாலான வருஷங்களில் குறைவுதான், இதைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. 2024-ல் பைடனும் ட்ரம்பும் தேவையான பிரதிநிதிகளைச் சேர்த்தது மார்ச் 12, நியூ ஜெர்சி ஓட்டுப் போட்டது ஜூன் 4. 2016-ல் நாங்கள் ஓட்டுப் போடுவதற்கு முந்தின இரவே ஹிலாரிக்குப் போதுமான எண்ணிக்கை சேர்ந்துவிட்டது என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்தது. கலிஃபோர்னியாவும் எங்களோடு மறுநாள்தான் ஓட்டுப் போட்டது.

ஆனால் அதே சீட்டில் காங்கிரஸ் உறுப்பினர், கவுன்டி பதவிகள் எல்லாம் இருக்கின்றன. ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கும் தொகுதியில் பிரைமரிதான் உண்மையான தேர்தல், வாக்கு வித்தியாசமும் சில சமயம் மிகக் குறைவு. அதனால் போங்கள். போவதற்கு முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர் அன்றே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம், ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவானவர் மாறுவதென்றால் 55 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆற்றைத் தாண்டினால் நியூயார்க்கில் கட்சியில் பதிவு செய்யாதவருக்குப் பிரைமரியில் ஓட்டே இல்லை, கட்சி மாற பிப்ரவரி 14 கெடு. டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா, மிச்சிகனில் கட்சிப் பதிவே கிடையாது, எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அப்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.